முழங்கால் மடிப்பில் ஒரு வீதி

நீலியாற்று வடிநில ஆணையத்தில் மதிய உணவுக்குப் பின் உறங்குவது ஒழுங்கீனம் அன்று, அதுதான் அலுவல். வடக்குப் பார்த்த நீண்ட கூடத்தில் வெள்ளைத் திரைகள் இறக்கப்படும். ஆதிரை கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கூந்தலைத் தளர்த்திக்கொண்டு, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பாள். தொழில்நுட்பர் கவின் அவளுடைய பிடரியில் குளிர்ந்த பட்டை ஒன்றை ஒட்டுவான். "போயிட்டு வாங்க்கா" என்பான், பேருந்து நிலையத்தில் வழியனுப்புகிறவனைப் போல.

பிறகு அவள் ஆறாகிவிடுவாள்.

உச்சி வகிடு மேற்கு மலையின் சோலைக்குள் தொடங்கும். குதிகால் காவிரியில் நனையும். இடைப்பட்ட நிலமெல்லாம் அவளுடைய மேனி. வடிநிலத்தின் கிணறுகள்தோறும் இறக்கப்பட்டிருந்த சென்சார்கள் நிலத்தடி நீரின் ஏற்ற இறக்கத்தை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்க, அந்தச் செய்தியெல்லாம் அவளுடைய உறக்கத்துக்குள் குளிர்ச்சியாகவும் தாகமாகவும் வலியாகவும் வந்து இறங்கும். கிடங்கு கட்டித் தளம் போட்ட இடம், தோலில் ஊற்றிய மெழுகாக இறுகும். ஆழ்குழாய்கள் நெருங்கிய இடம் தொண்டையாக வறளும். எங்கோ ஒரு குட்டை நிரம்பினால், விலாப்புறத்தில் யாரோ மெல்ல ஊதினாற்போல் இருக்கும். அங்கே சொற்கள் இல்லை. சென்ற மழையும் வரப்போகும் மழையும் ஒரே மூச்சின் இரு பாதிகளாக அவளுக்குள் போய் வந்துகொண்டிருக்கும்.

விழித்ததும் உணர்ந்ததைச் சொல்ல வேண்டும். அதை வைத்தே எங்கே வீடு, எங்கே ஆலை, எங்கே வெறும் வெளி என்று ஆணையம் தீர்மானித்தது. நிலத்துக்கு ஓர் அலுவலகம், நீருக்கு வேறோர் அலுவலகம் என்றிருந்த காலம் முடிந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

"வரைபடத்த மேசை மேல விரிச்சா, அவனவன் ஊரு மட்டுந்தான் அவனவன் கண்ணுக்குத் தெரியும்" என்று இயக்குநர் தர்ஷினி, அவளை வேலைக்குச் சேர்த்த அன்று விளக்கியிருந்தார். "கட்டடம் கட்றவனுக்கு மனை தெரியும். தோட்டக்காரனுக்கு வாய்க்கா தெரியும். மொத்த ஆத்தையும் ஒரே ஒடம்பா உணர்றதுக்கு ஒருத்தர் வேணும். கால்ல முள்ளு குத்துனா தலைக்குத் தெரியுதில்ல, அந்த மாதிரி."

"அந்த ஒருத்தருக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க இருந்தா, மேடம்?"

"இருக்கக் கூடாது. அதுக்குத்தான் விதி. ஊர்ப்பேரு தெரியலாம், அங்க இருக்கறவங்க மொகம் தெரியக் கூடாது. ஒரு மொகத்தப் பாத்துட்டீன்னா, அந்த எடத்துல உனக்கு வர்றது தண்ணியோட உணர்வா, உன்னோட பாசமான்னு யாராலயும் பிரிக்க முடியாது. பாத்த அன்னிக்கே பட்டையக் கழட்டிருவேன்."

ஆதிரை அவ்விதியை ஒருபோதும் மீறியதில்லை. திருமணங்களுக்குப் போகவில்லை. மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு யார் அழைத்தாலும் மறுத்தாள். தம்பி தொலைபேசியில் கேலி செய்வான்: "என்னக்கா, இன்னிக்கும் ஓவர்டைம் தூக்கமா?" அவள் சிரித்துவிட்டு வைத்துவிடுவாள். அவனுக்கு எப்படி விளக்குவது? உறங்கி எழுந்தபின் வரும் மாலைகள் அவளுக்கு மிகச் சிறியவையாகத் தோன்றின. ஓர் அறைக்குள், ஓர் உடம்புக்குள், அடுத்த மதியத்துக்காகக் காத்திருப்பதே அவளுடைய வாழ்க்கையாக இருந்தது.

அவளுக்கு மிகவும் பிடித்த இடம் இடது முழங்காலின் மடிப்பு. எந்தக் கோடையிலும் அங்கே ஒரு தண்மை கசிந்துகொண்டிருக்கும். வடிநிலத்தில் வேறெங்கும் இல்லாத இனிமை. விழித்து அதைச் சொன்னாள். ஊத்துக்காடு, மில்காரர் வீதி என்று திட்டப்பிரிவினர் அடையாளம் கண்டார்கள். வீடுகளை அகற்றி வெளியாக்கினால் அவ்விடம் இன்னும் எவ்வளவு நீரை உள்வாங்கும் என்று கணக்கிட்டார்கள். அந்த வருங்காலத்தையும் ஒரு மதியம் அவளுடைய உறக்கத்துக்குள் செலுத்தினார்கள். தண்மை பெருகித் தொடை வரை ஏறிற்று. அவள் உறக்கத்திலேயே புன்னகைத்ததாகக் கவின் சொன்னான்.

ஐப்பசி மழைக்கு முன் வீதியைக் காலி செய்ய வேண்டும் என்று ஆணை பிறந்தது.

*

புரட்டாசி மதியம் ஒன்றில், ஆதிரை கூந்தலைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது, திரைக்கு அப்பால் வாயிற்புறத்தில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"ஊத்துக்காட்டுல இருந்து வாறேனுங். நான் சண்ட போட வர்லீங். அந்தத் தூங்கற அம்மாவ ஒருக்கா பாத்துட்டுப் போயிர்றேன்."

"அதெல்லாம் பாக்க முடியாதுங்க" என்றார் காவலர். "வயித்துப் புள்ளக்காரி வெயில்ல நிக்காதீங்க. வூட்டுக்குப் போங்க."

"எந்த வூட்டுக்குங்? இருக்கற வூட்டத்தான இடிக்கறேங்கறாங்க?" அந்தக் குரலில் கோபத்தைவிடக் குழப்பமே மிகுந்திருந்தது. "வேற வூடு தாரமுன்னாங்க. செரி, போறோம். எங்க குழியெல்லாம் என்ன பண்றதுங்? அதையுந் தூக்கிட்டுப் போறதுக்கு லாரி உடுவீங்களா?"

காவலர் சிரித்துவிட்டார். ஆதிரையின் கை கூந்தலிலேயே நின்றது. ஊத்துக்காட்டைப் பற்றி ஆணையம் அறிந்தவற்றில் குழி என்று எதுவும் இல்லை.

"படுங்க்கா, நேரமாச்சு" என்றான் கவின்.

"என்ன குழி, கவின்?"

"தெரியலீங்க்கா. நாம கேக்கக் கூடாதுல்ல."

அவள் எழுந்தாள். எதற்காக எழுந்தாள் என்று பின்னர் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். தண்மையின் பிறப்பிடத்தை அறியும் ஆசையாக இருக்கலாம். அதிலேயே குடியிருப்பவள்மேல் வந்த வெறும் பொறாமையாகவும் இருக்கலாம். ஒரு கையால் திரையை விலக்கினாள். வெயிலில் ஓர் இளம்பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலுதட்டில் வியர்வை துளிர்த்திருந்தது. அவள் நிமிர்ந்து சன்னலைப் பார்த்தாள். இரு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கவின் கையில் பட்டையோடு அசையாமல் நின்றான். "அக்கா" என்றான்.

"இனி இத எனக்கு ஒட்ட முடியாது, இல்லையா?"

"முடியாதுங்க்கா."

ஆதிரை கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டாள். "அப்படீன்னா, போய் முழுசாவே பார்த்துட்டு வந்துடறேன்."

*

அந்தப் பெண்ணின் பெயர் துளசிமணி. பேருந்தில் சன்னலோர இருக்கையை ஆதிரைக்குக் கொடுத்துவிட்டு, நெடுநேரம் தயங்கிய பின் கேட்டாள்:

"தூக்கத்துல எங்க வீதி எங்கீங் இருந்துச்சு?"

ஆதிரை குனிந்து முழங்காலின் பின்புறத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"கால் மடிப்புலயா?" துளசிமணி வாய்விட்டுச் சிரித்தாள். "நெத்தியில ஒரு எடம் குடுத்திருக்கப்படாதுங்களா?"

மில்காரர் வீதியில் வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. நடைபாதையும் வாசலும் தளம் போட்டவை. ஆனால் அந்தத் தளம் அங்கங்கே வட்ட வட்டமாக விலகியிருந்தது. ஒவ்வொரு வட்டத்தின் விளிம்பிலும் உடைந்த பானையின் கழுத்துப் புதைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஓட்டுச் சில்லும் ஆற்றுமணலும். கூரைகளிலிருந்து இறங்கிய குழாய்கள் அனைத்தும் அந்த வட்டங்களுக்குள்ளேயே வாய்வைத்திருந்தன. உறங்கும் முகமொன்றில் கண்கள் மட்டும் திறந்திருப்பதைப் போல, அந்த வீதியில் நிலம் விழித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க! கால எடுங்க, கால எடுங்க! அது என்ற தங்கச்சி!"

ஆதிரை திடுக்கிட்டுக் காலை எடுத்தாள். எதிர் வீட்டு வாசலில், துண்டை உதறித் தோளில் போட்டபடி ஒரு முதியவர் நின்றார்.

"ரித்தீஷண்ணன். மில்லுல வேல பாத்து நின்னவரு. அப்படித்தானுங் பேசுவாரு" என்றாள் துளசிமணி. "எங்க வீதியில கொழந்த பொறந்தா நஞ்சுக்கொடிய வாசல்ல பொதைப்போமுங். அது மேல தளம் போடக் கூடாது. பச்ச ஒடம்புக்காரி குளிக்கற தண்ணிய அது மேலதான் ஊத்தோணும். அப்பறமும் காய உடக் கூடாது. குழி காஞ்சா புள்ளைக்குத் தொண்ட காஞ்சுரும்பாங்க."

"எல்லா வீட்டுலயுமா?"

"எல்லா வூட்லயும், எல்லாப் புள்ளைக்கும். புள்ளைங்க சண்ட போட்டா, வையறதுக்குப் பதுலு குழியப் போயி மிதிச்சுப்போட்டு ஓடுமுங்."

"ஆஸ்பத்திரியில அதைக் கையில தருவாங்களா?"

"தரமாட்டேம்பாங்க, நாங்க உடமாட்டோம்" என்றார் ரித்தீஷ். "என்ற பையன் பொறந்தப்ப ஐஸ்கிரீம் டப்பாவுல போட்டுக் குடுத்தாங்க. பஸ்ஸுல பக்கத்துல ஒக்காந்தவன், 'ஏனுங்ணா, உருகுதாட்ட இருக்குது, எனக்கொரு கரண்டி குடுக்கறது'ங்கறான்!"

துளசிமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆதிரையும் சிரித்தாள். சிரித்தபடியே கேட்டாள்: "உங்க தங்கச்சி இப்ப எங்க இருக்காங்க?"

"அது போயி ரொம்ப வருசமாச்சுங்க" என்றார் அவர் இயல்பாக. குடத்தைச் சாய்த்து அந்த வட்டத்தில் நீர் வார்த்தார். "போயிட்டா என்னங்க? அதுக்காகத் தொண்டயக் காய உட்ருவனா?"

நீர் ஒரு நொடிகூடத் தேங்கவில்லை. மெல்லிய ஓசையோடு உள்ளே இறங்கிற்று. ஆதிரை மண்டியிட்டு ஈர மணலில் உள்ளங்கையை வைத்தாள். விழித்திருக்கும்போதே, பட்டப்பகலில், முழங்கால் மடிப்பில் அந்தத் தண்மை கசிந்தது. வீதியில் வாழ்பவர்களும் மறைந்தவர்களும் ஆளுக்கொரு வாயாக மழையை உள்ளே வாங்கிக்கொண்டிருந்தார்கள். வானிலிருந்து எடுத்த படங்களில் கூரைகள் மட்டுமே தெரிந்தன. வீடுகள் இருந்தும் அங்கே நீர் இருக்கிறது என்று ஆணையம் கணக்கிட்டது. வீடுகள் இருப்பதால்தான் நீர் இருக்கிறது என்று எவரும் எண்ணவில்லை.

"எனக்கு இந்த மாசக் கடைசீங்கறாங்க" என்றாள் துளசிமணி. நிலைக்கால் ஓரத்தில் புதிதாகத் தோண்டி, மணலும் சில்லும் தயாராகக் குவித்திருந்த ஓரிடத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்கன்னு எடம் பாத்து வெச்சுட்டோம். அங்க ஏழாவது மாடி குடுத்திருக்காங்க. ஏழாவது மாடியில எங்கீங் பொதைக்கறது?"

ஆதிரை திரும்பும் வழியில் வேப்பம்பாடி விலக்கில் இறங்கினாள். அவள் சொல்லின்பேரில் முன்பு காலி செய்யப்பட்ட ஊர் அது. அவளுடைய உறக்கத்தில் அது இடது தோள். காலியானபின் அங்கே தாகமே இல்லை என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்திருந்தாள்.

வீடுகளை இடித்தபின் உருளை ஓட்டிச் சமன்படுத்திய மண், சுட்ட ஓடாக இறுகிக் கிடந்தது. சென்ற வாரத்து மழை உள்ளே இறங்க வழியின்றி, மேலோடு ஓடி, நிலத்தைக் கீறிக்கொண்டு போயிருந்தது. வாய்க்காலில் சீமைக்கருவேலம் மண்டியிருந்தது. தூர் வார ஆள் இல்லை. கிணறுகளின் மேல் இரும்பு மூடிகள். ஒரு மூடியின் விளிம்பில், வெட்டிவிடப்பட்ட சென்சார் கம்பி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

ஆதிரை தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

*

"பாத்துட்டு வந்துட்டியாமே" என்றார் தர்ஷினி. அறுபதைக் கடந்தவர், ஒரு காகிதம்கூடக் கோணலாக இருக்கப் பொறாத மேசை அவருடையது. அதன் பின்னால் நிமிர்ந்து அமர்ந்திருந்தார். "உன்ன மாதிரி உணர்றதுக்கு எனக்கு இன்னொருத்தி கெடைக்க மாட்டா. இருந்தும் விதி விதிதான்."

"தெரியுங்க, மேடம். வேலைய விட்டுடறேன். ஒரு விஷயம் மட்டும் கேளுங்க. வேப்பம்பாடியில தாகம் இல்லைன்னு சொன்னேனே..."

"ஆமா. நம்மோட பெரிய வெற்றியே அதான. காலி பண்ணின எடத்துல எல்லாம் அமைதி."

"அமைதி இல்லைங்க. சென்சார் இருந்தது வீட்டுக் கிணத்துல. வீட்ட எடுத்தப்போ கிணத்த மூடிட்டோம், கம்பிய வெட்டிட்டோம். தோள் மரத்துப் போச்சு, மேடம். வலிக்கலைன்னு நாம சந்தோசப்பட்டுட்டு இருந்திருக்கோம்."

தர்ஷினி மேசையில் நேராக இருந்த காகிதத்தை இன்னும் நேராக்கினார்.

"இது உன்னோட பாசம் பேசுது. நீ மொகத்தப் பாத்தவ."

"பார்த்தவதான். என் பேச்ச நம்ப வேண்டாம். வேப்பம்பாடியில ஒரே ஒரு மூடியத் தொறந்து, ஒரே ஒரு சென்சார எறக்கச் சொல்லுங்க. எந்த மொகத்தையும் பார்க்காத ஒருத்தர் படுக்கட்டும்."

"யாரு படுப்பா? உனக்கு மாத்து ஆளுக்குப் பயிற்சி முடியறதுக்குச் சித்திரை ஆயிரும். அதுக்குள்ள வீதி இருக்காது."

"வலிக்குதான்னு தெரிஞ்சுக்கப் பயிற்சி வேண்டாம். நீங்க படுங்க."

"நானா?"

"ஒவ்வொரு ஊருக்கும் நான் சொன்னேன், கையெழுத்துப் போட்டது நீங்க. நீங்களும் எந்த ஊருக்கும் போனதில்லையே, மேடம்."

சன்னலுக்கு வெளியே, ஆணையத்தின் தளம் போட்ட முற்றத்தில் வெயில் அசையாமல் நின்றது. அவள் சொல்வது பொய்யானால் ஒரு வீதி போகும். மெய்யானால், இத்தனை ஆண்டுகள் தாம் கட்டியெழுப்பிய அனைத்தும் போகும். தர்ஷினி அதை நன்கு அறிந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"கவினக் கூப்புடு" என்றார்.

*

மறுநாள் காலையில் வேப்பம்பாடிக் கிணறு ஒன்றின் மூடி திறக்கப்பட்டது. மதியம் திரைகள் இறங்கின. தர்ஷினி புடைவையின் மடிப்புக் கலையாமல், நிமிர்ந்து அமர்ந்திருப்பவரைப் போலவே படுத்தார். கவின் பட்டையை ஒட்டினான். பழக்கத்தில் "போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஆதிரை அருகில் ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தாள். அவள் இல்லாமலேயே ஆறு புறப்பட்டுவிட்டது. எங்கோ மலைச்சோலையில் துளிகள் கோத்துக்கொள்கின்றன; பாறைகளின் இடுக்கில் இருள் குளிர்கிறது; நாணல் ஒன்று நீருக்குள் தன் நிழலைத் தளர விடுகிறது. இனி அவை அவளுடைய மேனி அல்ல. கரையில் நிற்பவளைப் போல, இன்னொருத்தியின் முகத்தில் அவை கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தர்ஷினியின் நெற்றி தெளிந்தது. இறுகியிருந்த உதடுகள் அவிழ்ந்தன. அவர் இவ்வளவு அழகானவர் என்று எவரும் அதுவரை அறிந்திருக்க மாட்டார்கள்.

பின்னர் அவருடைய இடது தோள் துடித்தது. முகம் சுருங்கிற்று. மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்து அமர்ந்தார்.

"தண்ணி" என்றார்.

ஆதிரை கொடுத்தாள். குடித்துவிட்டு இன்னும் கேட்டார். கூஜா காலியாயிற்று. தோளைக் கையால் அழுத்திக்கொண்டார்.

"குடிச்சும் எறங்க மாட்டேங்குது. எரியுது, ஆதிரை. இது... இது எந்த ஊரு?"

"வேப்பம்பாடிங்க."

விழித்த பின்னும் சற்று நேரம் உறக்கத்தின் உணர்வு உடம்பில் தங்கியிருக்கும். தர்ஷினி தம் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். பிறருடைய கையைத் தூக்குவதுபோல் இடது கையால் அதைத் தூக்க வேண்டியிருந்தது.

"இது இருக்கறதே எனக்குத் தெரியல."

"கொம்பேறிபாளையம். விரலெல்லாம் அதோட குக்கிராமங்க."

"இந்தக் காது?"

"செங்காளிபுதூர்."

"இங்க? விலாவுல?"

ஆதிரை சொன்னாள். ஒவ்வோர் இடமாகத் தொட்டுத் தொட்டு அவர் கேட்டார். ஒவ்வொரு பெயராக அவள் சொன்னாள். அத்தனை பெயர்களையும் அவர் அறிவார். கோணாத எழுத்தில் அவற்றைக் காலி செய்யும் ஆணைகளின் கீழ்க் கையெழுத்திட்டவர். இருப்பினும் முதன்முறை கேட்பவரைப்போல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் இடது முழங்காலின் மடிப்புக்குள் விரல்களைச் செலுத்தினார். வெகுநேரம் கையை அங்கேயே வைத்திருந்தார்.

"அந்த வீதியில யாரும் ஒரு செங்கல்லத் தொடக் கூடாது" என்றார். "அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லு. எழுத்துல சாயங்காலம் வரும்."

"சொல்றேங்க."

"போனவங்களத் திரும்பக் கூப்புட்டா வருவாங்களா?"

"கூப்புட்டுப் பார்க்கலாம், மேடம். பாதிப் பேருக்கு வேற ஊர்ல புள்ளைங்க பொறந்திருக்கும். அதுங்களுக்கு அதுதான் ஊரு."

தர்ஷினி தலையசைத்தார். கவின் பட்டையைக் கழற்றக் கையை நீட்டினான். அவர் அதைத் தடுத்தார்.

"இருக்கட்டும். மிச்ச மூடியெல்லாத்தையும் தொறக்கச் சொல்லு. ஒவ்வொரு கெணத்துலயா எறக்கட்டும். எங்க எவ்வளவு காஞ்சிருக்குன்னு தெரிஞ்சாத்தான் எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியும்."

"ஒண்ணுக்கே இப்படி ஆயிருச்சுங்க" என்றான் கவின். "எல்லாமுன்னா ஒடம்பு தாங்காதுங்க, மேடம்."

"கையெழுத்துப் போட்டப்போ தாங்குச்சில்ல?"

அவர் படுத்தார். இம்முறை புடைவையின் மடிப்பைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆதிரை கூஜாவை நிரப்பிக் கைக்கெட்டும் தொலைவில் வைத்தாள். கவின் தொலைபேசியில் மெல்லிய குரலில் ஏதோ சொன்னான். நெடுந்தொலைவில், ஆளற்ற வெளியொன்றில், துருப்பிடித்த இரும்பு நகரும் ஓசை அக்கருவியின் வழியே கேட்டது. அதன்பின் கிணற்றுக்குள் ஒரு கம்பி இறங்கும் ஓசை.

படுக்கையின் மேல் மரத்துக் கிடந்த வலது கையின் விரல்கள், ஒன்றன்பின் ஒன்றாக, வலியில் மடங்கத் தொடங்கின.